நன்னன் மலையில் பிள்ளைகளோடு

செங்கம், திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சேயாற்றங்கரையில் இருக்கும் ஊர். அதற்கு வடக்கே ஜவ்வாது மலை எழுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான அது இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு என்று இன்று எழுதப்படும் சேயாறு அங்கே பிறந்து, செங்கத்தைத் தொட்டுக் கிழக்கே ஓடி, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே திருமுக்கூடலில் வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. மழை முடிந்த மாதங்களில் சோற்றைக் கட்டிக்கொண்டு, சிறுபிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த மலையின் அருவிக்குப் போய் மாலையில் திரும்புவது சுற்றுவட்டாரக் குடும்பங்களின் வழக்கம். வண்டியும் தார்ச்சாலையும் வந்தபின் பரவிய வழக்கம்தான் இது. ஆனால் பிள்ளைகளோடு இந்த மலையில் நடப்பது எப்படி என்பதற்கான எழுத்துச் சான்று மிகப் பழையது. தமிழ்நாட்டில் வேறு எந்த மலைக்கும் இவ்வளவு விரிவான பழைய வழிக்குறிப்பு கிடையாது.

அந்தச் சான்று மலைபடுகடாம். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு. 583 அடிகள் கொண்டது. நீளத்தில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த இடம் இதற்கு. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரம் என்னும் மலை, செங்கத்துக்குக் கிழக்கே தனித்து நிற்கும் பருவதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே. சாமிநாதையர் 1889-இல் அச்சிட்ட பிறகே இந்த வழிக்குறிப்பு பொதுவாசகர் கைக்கு வந்தது.

இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. ஆற்றுப்படை என்றால் வழிகாட்டி அனுப்புவது. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூட்டத்தாரை நிறுத்தி, நன்னன் ஊருக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறான். எதிரே வருபவர்கள் தனி ஆட்கள் அல்லர். கூத்தரும் விறலியரும் பிள்ளைகளும் சேர்ந்த முழுச்சுற்றம் அது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் எனப் பத்துக்கும் குறையாத இசைக்கருவிகளைப் பைகளில் கட்டிக் காவில் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். சுமை ஒரு தோளில், பிள்ளை ஒரு கையில். இந்த ஒரு காரணத்தால்தான் பாட்டின் வழிக்குறிப்பு இவ்வளவு நுட்பமாக இருக்கிறது. போர்வீரனுக்கோ வணிகச் சாத்துக்கோ சொல்லும் வழியாக இருந்தால் பாசியைப் பற்றியும் பிள்ளையின் கால் பற்றியும் ஒரு சொல்கூட வந்திருக்காது.

ஐரோப்பாவில் மலையேற்றத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1336-இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் தன் தம்பியோடு வெந்தூ மலையில் ஏறியதிலிருந்து தொடங்குவார்கள். பார்ப்பதற்காகவே மலையேறிய முதல் ஆள் என்று அவரைச் சொல்வதுண்டு. கூத்தர் ஏறியது பிழைப்புக்காக. ஆனாலும் வழியிலுள்ள பூ, பழம், அருவி, மயில், தேன்கூடு எதையும் பாட்டு விட்டுவைக்கவில்லை. பிழைப்புக்காக நடந்தவர்களுக்குக் கண் இல்லை என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்த 583 அடிகளே சாட்சி.

வழிக்குறிப்பு முதலில் நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. தினைப்புனத்தில் பன்றி நுழையாமலிருக்க, அது வரும் இடுக்குகளில் பெருங்கல்லை நிறுத்திய பொறிகள் வைத்திருப்பார்கள். இருட்டில் மனிதன் மாட்டினாலும் அதே கதிதான். அதனால் விடியும் வரை தங்கிப் பிறகு கிளம்பச் சொல்கிறான் கூத்தன். அடுத்தது பாம்பு. பரல் நிறைந்த வழியில் குழிகளுக்குள் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். மரத்தில் ஏறிக் கைதட்டிப் பார்த்து, விறலியர் கைதொழ, வழியைச் சற்று விட்டு வலப்பக்கமாக ஒதுங்கிப் போக வேண்டும். பிறகு கவண்கல். புனங்காப்போர் யானையை விரட்டப் பரணிலிருந்து வீசும் கல் மூங்கிற் கழைகளில் மோதிச் சீறி வரும். அது உயிருக்கே ஆபத்தானது என்பதால், மரங்களின் மறைவில் நின்று, விலகிப் போகச் சொல்கிறான்.

இதற்கு அடுத்த இடம்தான் பாட்டின் உச்சம். காட்டாற்றைக் கடக்கும் துறை. யானையையும் விழுங்கக்கூடிய முதலை ஒடுங்கியிருக்கும் மடு. இரவைப் போல இருண்ட கரை. குமிழி சுழலும் ஆழ்நீர். அகழியில் இறங்குவது போல இறங்க வேண்டிய சரிவு. காலை வழுக்கிவிடும் ஓரங்கள். இங்கேதான் பிள்ளைகள் பாட்டுக்குள் வருகிறார்கள். செம்மறிக் குட்டியினுடையதைப் போன்ற புல்லிய மயிர்த் தலை அவர்களுக்கு. மரத்தில் சுற்றிய பருத்த கொடியைப் பற்றிக்கொண்டு, அந்தப் பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கடந்து போங்கள் என்பது கூத்தனின் அறிவுரை. புலவர் குழந்தையின் தலையை ஏன் ஆட்டுக்குட்டியோடு ஒப்பிட்டார் என்பது, ஓடையோரத்தில் ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தவர்களுக்கு விளங்கும். மேலிருந்து பார்க்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் அங்கே தெரிவது அந்தத் தலை மட்டும்தான். அடுத்த அடியை எங்கே வைக்கும் என்று சொல்லவே முடியாது, ஆட்டுக்குட்டியும் அப்படித்தான்.

ஆற்றைக் கடந்தவுடன் பாசி. விழுந்தவரை மறைத்துவிடும் ஆழக் குளத்தருகே, வழவழப்பான நுண்ணிய பாசி கல்லின் முகத்தை மூடியிருக்கும்; காலடி நிலைகொள்ளாது. இரண்டு பக்கமும் நெருங்கி வளர்ந்த சிறுமூங்கிலையும் எருவைக் கோலையும் கையால் பற்றிக்கொண்டு நகரச் சொல்கிறது பாட்டு. அருவியோரப் பாறையின் இயல்பு இதில் துல்லியமாகப் பிடிபட்டிருக்கிறது. ஓடும் நீரில் கிடக்கும் கல் மட்டும் வழுக்குவதில்லை. நீர் எப்போதாவது நனைத்துவிட்டுப் போகும் ஓரப் பாறையும் வழுக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு மெல்லிய படலம் அதில் ஒட்டியிருக்கும். காய்ந்த கல் என்று நம்பிக் கால் வைக்கும் இடமும் அதுதான். இன்றும் அருவிகளில் விபத்துகள் இந்த ஓரப் பாறையில் தொடங்குவதுண்டு.

மழைக்கும் குறிப்பு உண்டு. கைநீட்டினால் தொடலாம் போலத் தாழ்ந்த மேகம் துவலை தூவும்போது திசை தெரியாமல் போகும். அப்போது கிணறு போன்ற பாறைப் பிளவுகளுக்குள் சுற்றத்தோடு நுழைந்து, இசைக்கருவி நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல் சரியும் செங்குத்துச் சரிவை ஒட்டி நிற்கவே கூடாது. பள்ளத்தைக் குனிந்து பார்த்தால் கண் ஒளி மங்கும் இடங்களில், ஆடல் மகளிருக்கு உரிய தலைக்கோலையே ஊன்றுகோலாக்கி நடக்க வேண்டும். வேல் போலக் கூரிய கற்களில் வெயில் ஏறும் நண்பகலில் நடக்காமல், கதிரவன் சினம் தணிந்த பிறகு போக வேண்டும்.

கூத்தன் சொல்வதில் ஒன்று தனியே நின்று கவனிக்கத்தக்கது. மயில் ஆடும், கடுவன் மூங்கிற் கழையில் தாவும், நெடும் பாறையில் சக்கரம் சக்கரமாகத் தேன்கூடு தொங்கும். அவற்றைத் திடீரென்று நிமிர்ந்து பார்க்காதீர்கள், வரிசையாகப் போகும் உங்கள் கால் வழி தவறிவிடும் என்கிறான். பார்க்கவே கூடாது என்பது பொருளன்று. நடந்துகொண்டே பார்க்காதே என்பதுதான். மலைப்பாதையில் பிள்ளைகளை அழைத்துப் போகும் எவரும் நாள் முழுக்கச் சொல்லும் சொல் இது. தூங்கும் மரம் போலக் கிடக்கும் மலைப்பாம்பைப் பற்றியும், மணக்கிற பூவையும் இனிக்கிற பழத்தையும் கண்டவுடன் கைநீட்டக் கூடாது என்பதைப் பற்றியும் அதே அக்கறையோடு சொல்கிறான். இரவானால், சொந்த வீட்டுக்குள் நுழைவது போலத் தயக்கமில்லாமல் கற்குகைக்குள் நுழைந்து தங்கிக்கொள்ளலாம்.

வழி தவறிவிட்டால்? அதற்கும் விடை இருக்கிறது. சிதறி ஓடாமல் அகன்ற பாறையில் எல்லோரும் கூடி நின்று இசைக்கருவிகளை ஒலிக்க வேண்டும். ஒருவர் வெள்ளத்தில் போகும் கூச்சல் கேட்டு ஊரார் ஓடிவருவது போலக் கானவர் விரைந்து வருவார்கள். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, முன்னால் நடந்து வழிகாட்டுவார்கள். தொலைந்தால் அசையாமல் ஓரிடத்தில் நின்று ஒலி எழுப்ப வேண்டும் என்பது இன்றும் மலைநடைக்குப் பழகும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் பாடம். கிளைவழிகளில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போகச் சொல்லும் இடமும் பின்னால் வருகிறது. பின்னே வருகிற, இடம் புதிதான ஆளுக்காக அந்த முடிச்சு. காட்டுப்பாதையில் வழிக்குறியிடும் பழக்கத்துக்குத் தமிழில் இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

பாட்டின் பெயருக்குக் காரணமான பகுதி ஒலிகளைப் பற்றியது. மலையை யானையாகவும், அதில் எழும் ஒலிகளை மதமாகவும் உருவகித்ததால் மலைபடுகடாம். அந்த ஒலிகளில் முதலில் வருவது அருவியில் விளையாடும் வான் அரமகளிர் நீரைக் குடையும் ஓசை. கூத்தரின் சொந்த வாத்தியங்களைப் போலவே அது இனிக்கும் என்கிறான் கூத்தன். பிறகு யானையின் பிளிறல், வேங்கைப் பூப் பறிக்கும் மகளிரின் ஆரவாரம், தேன் எடுப்போரின் கூச்சல், உலக்கைப் பாட்டு. நடுவில் ஒரு துயர ஒலி. பிடியை மறந்துவிட்ட ஒரு மந்தியின் குட்டி, ஏற முடியாத பிளவுக்குள் விழுந்துவிடுகிறது. தாய் தன் கூட்டத்தோடு சேர்ந்து கதறுகிறது. ஆற்றுத்துறையில் பிள்ளைகளைக் காக்கச் சொன்ன பிறகு புலவர் இந்தக் குரங்கை வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

வழிச்சோற்றையும் பாட்டு மறக்கவில்லை. மலைக்குடியில் தினைச்சோறும் இறைச்சியும் மூங்கிற் குழாயில் முதிர்ந்த கள்ளும் கிடைக்கும். இடையர் குடியிருப்பில் பால் கிடைக்கும். இறங்கி வந்தால் மூங்கிலரிசியும் நெல்லரிசியும் அவரையும் சேர்த்துப் புளிவிட்ட கூழ். புளி இன்றும் ஜவ்வாது மலையின் முக்கியமான விளைபொருள். அருவிக்குப் போகும் குடும்பங்கள் கட்டிக்கொண்டு போவதும் பெரும்பாலும் புளிச்சோறுதான். ஆறிப்போனாலும் கெடாது, குலுங்கினாலும் சிந்தாது என்பதால் தமிழர் கட்டுச்சோற்றில் அதற்கு முதலிடம்.

அருவி என்ற சொல் இந்தப் பாட்டிலும் பிற சங்கப் பாடல்களிலும் நிறைந்து கிடக்கிறது. நீர்வீழ்ச்சி என்பது ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து அண்மைக் காலத்தில் ஆக்கிக்கொண்டது. பெயர்ப்பலகையிலும் பாடநூலிலும் அது இடம்பிடித்துவிட்டது. குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, தேனருவி என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டாக நாவில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் பலகைகளில் வேறொன்றை எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

கூத்தர் நடந்த வழியில் நடுகற்கள் இருந்தன. பெயர் தெரிய வேண்டும் என்று உளியால் எழுதி, மராமரத்தடியில் நிறுத்திய கற்கள். அவற்றுக்கு முன் யாழை இசைத்து வணங்கிவிட்டு விரைந்து போகச் சொல்கிறது பாட்டு. இது வெறும் கவிதை மரபு அல்ல என்பது 20-ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடி, ஏராளமான நடுகற்களைக் கண்டு படியெடுத்தது, இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972-இல் வெளிவந்தது. பெரும்பாலானவை வட்டெழுத்தில் எழுதப்பட்டவை, பல்லவர் காலத்தவை. மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டோ, மாட்டை மீட்கப் போயோ இறந்த சாதாரண ஊர்க்காரர்களின் நினைவுக்கற்கள் அவற்றில் மிகுதி. அரசர்களின் மெய்க்கீர்த்தி எங்கும் கிடைக்கும். மாட்டுக்காரனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்கள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பது அரிது.

அவற்றில் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காத்து நின்று இறந்ததை அது சொல்கிறது. கல்லில் வில்லும் வாளுமாக வீரன் நிற்க, அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். திருடரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். பல்லவர் கல்வெட்டுகளில் மன்னர்களும் அமைச்சர்களும் தேவதானங்களும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஓர் ஊர் நாயின் பெயர் 1400 ஆண்டு கடந்து நம் கைக்கு வந்திருப்பது இந்த வட்டாரத்து மக்களின் மனம் எப்படிப்பட்டது என்பதற்கு அளவுகோல்.

பிற்காலத்தில் செங்கம் ஒரு கணவாய் ஊராகப் பெயர்பெற்றது. ஜவ்வாது மலைக்கும் தெற்கேயுள்ள மலைகளுக்கும் இடையிலான இந்த வழியாகப் பாராமகாலிலிருந்து, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியிலிருந்து, கிழக்குச் சமவெளிக்கு இறங்கலாம். முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் 3 அன்று, திருவண்ணாமலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலப் படையை ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் சேர்ந்து இங்கேதான் தாக்கினார்கள். ஆங்கிலப் படை தாக்குதலைத் தடுத்துக்கொண்டு திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது. இன்று புதுச்சேரி – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை அதே கணவாய் வழியாகப் போகிறது.

மலைக்கு மேலே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை; மலைமக்கள் என்ற பொருளில் வந்த பெயர். தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்ததாக அவர்களிடையே வழிவழிக் கதை உண்டு. சாமை, தினை, புளி, தேன், கடுக்காய், பலா ஆகியவை அவர்களின் வாழ்வாதாரம். ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர்பெற்றது. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகள் ஒதுக்குக் காடுகளாகி, மலைமக்கள் முன்பு கேட்காமல் நடந்த வழிகளில் பல அனுமதி கேட்டு நடக்கும் வழிகளாயின. மலைபடுகடாத்தின் கானவரைப் போலவே, இன்றும் மழைக்காலத்தில் எந்த ஓடையில் இறங்கலாம், எதில் கூடாது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான். வெளியூர்க் குடும்பம் அருவிக்குப் போவதற்கு முன் வழியிலுள்ள தேநீர்க் கடையில் இரண்டு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போனால், எந்தக் கைப்பேசி வரைபடமும் தராத செய்தி கிடைக்கும்.

குடும்பத்தோடு ஏறும் வழக்கம் இடைக்காலத்தில் அறுபடாமல் நின்றது கோயில்களால்தான். நவிரத்தின் உச்சியில் நஞ்சுண்ட கடவுள் உறைவதாக மலைபடுகடாமே சொல்கிறது. இன்று அந்தப் பருவதமலையின் உச்சியில் இருப்பது மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை கோயில். பௌர்ணமிதோறும் அடிவாரத்திலிருந்து மக்கள் ஏறுகிறார்கள். மேல்பகுதியில் செங்குத்துப் பாறை வருகிறது. கடப்பாரைகளை அறைந்த படிகளும் சங்கிலிகளும் அங்கே உண்டு. சிறுபிள்ளைகளுக்கு ஏற்ற வழி அதுவன்று. ஆயினும் தோளில் பிள்ளையோடு ஏறுபவர்களை அங்கே எப்போதும் காணலாம். வேண்டுதல் என்று வந்துவிட்டால் தமிழ்க் குடும்பம் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தப் பக்தியை மதிக்கத்தான் வேண்டும். பிள்ளை பத்து வயதைத் தாண்டும் வரை அந்த வேண்டுதலைத் தள்ளிவைத்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது.

வேண்டுதல் இல்லாமல் வெறும் மகிழ்ச்சிக்காகப் போகும் பயணம் இந்த வட்டாரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் பரவியது. அதற்கு முன்பே ஆடிப் பதினெட்டாம் பெருக்கு இருந்தது. ஆற்றில் புதுவெள்ளம் வரும் அந்த நாளில் எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று கலந்த சோற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் உண்பது ஊர் வழக்கம். அருவிப் பயணம் அந்தப் பெருக்கின் நீட்சிதான். கரையிலிருந்து மலைக்கு இடம் மாறியது மட்டுமே வேறு. 1958-இல் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை முடிந்து, பூங்காவும் முதலைப் பண்ணையும் வந்தபோது, செங்கம் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளின் முதல் சுற்றுலா பெரும்பாலும் அங்கேதான் நடந்தது.

மலைமேல் 1960-களின் இறுதியில் வேறொரு காரணத்துக்காக வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். வானியலாளர் வைனு பாப்பு, ஊர்விளக்குகளுக்கு எட்டாத இருண்ட வானம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே முதலில் ஒரு சிறு தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. அந்த ஆய்வகம் இன்று வைனு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பகலில் அருவியையும் மாலையில் தொலைநோக்கியையும் ஒரே நாளில் காட்டக்கூடிய மலை இது.

மலைமேல் முக்கியமான ஊர் ஜமுனாமரத்தூர். அதற்கு அருகில் இருக்கிறது பீமன் அருவி. குளிக்க வந்த பீமன், குடியிருந்த பாண்டவர், தங்கிய இராமன் என்று தமிழ்நாட்டு மலைகளில் பாறைக்கும் சுனைக்கும் இதிகாசப் பெயர் வைப்பது பழைய வழக்கம். இதுவும் அப்படி வந்த பெயர்தான். உயரத்தில் குற்றாலத்தோடு ஒப்பிட முடியாது. பாறைமேல் பரவி இறங்கி, கீழே மடுவாகத் தேங்கும் அருவி இது. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தொலைவு சிறுவர்களின் கால்களுக்கு எட்டக்கூடியது என்பதே இதன் பெருமை. ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி இருப்பதால், அருவியில் நீர் குறைந்த நாளிலும் படகு ஏறிய மகிழ்ச்சியோடு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.

ஜவ்வாது மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நீர் தருகின்றன. ஆகஸ்டு தொடங்கி டிசம்பர் வரை அருவியில் நீர் மிகுந்திருக்கும். மாசி, பங்குனியில் மெலிந்து, கோடையில் சில ஓடைகளில் கல் மட்டும்தான் இருக்கும். தை மாதம்தான் சிறுபிள்ளைகளோடு போக உகந்த காலம். நீர் இருக்கும், வேகம் தணிந்திருக்கும், குளிரும் பொறுக்கும்படி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அருவி பார்க்க அழகு, இறங்க அல்ல. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, ஓசை தடிப்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். பாத்திரத்தையும் துணியையும் எடுக்க நிற்கக் கூடாது.

கூத்தர் கூட்டம் சுமந்த முழவுக்குப் பதில் இன்று எவர்சில்வர் தூக்கும் தண்ணீர்க் குடுவையும் மாற்றுத்துணியும் இருக்கின்றன. மடுவோரத்தில் இறங்கும் குடும்பத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், பழைய அடிகள் அப்படியே கண்முன் வரும். தகப்பன் முதலில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் காலால் தேய்த்துப் பார்க்கிறான். வழுக்கினால் அடுத்த கல். பின்னால் பெரிய மகள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். விரலைப் பிடித்தால் நழுவிவிடும் என்று அவளுக்கு அம்மா சொல்லியிருக்கிறாள். கடைசியில் பாட்டி, ஒரு கையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் வேர் ஒன்றைப் பற்றியபடி, “அங்க பாக்காத கண்ணு, கால பாத்து வை” என்கிறாள். மரத்தில் குரங்கு தாவுகிறது. பையன் நிமிர்கிறான், அக்காவின் பிடி இறுகுகிறது.

கண்ணாடிக் குப்பியும் பிளாஸ்டிக் உறையும்தான் இந்தக் காட்சியில் புதியவை. உடைந்த குப்பித் துண்டு பாசியைவிடக் கொடியது. பாசி கண்ணுக்குத் தெரியும், மடுவுக்குள் கிடக்கும் கண்ணாடி தெரியாது. பின்னால் வருபவனுக்காகப் புல்லை முடிந்து வைக்கச் சொன்ன வழியில், பின்னால் வரும் குழந்தையின் காலுக்குக் கண்ணாடியை விட்டுப் போவது பொறுக்கக்கூடியதன்று.

மலைபடுகடாத்தில் இந்த வழிக்குறிப்பின் முக்கியப் பகுதி ஏறத்தாழ 190-ஆம் அடியிலிருந்து 290-ஆம் அடி வரை வருகிறது; எளிய உரையோடு படித்தால் அரை மணி நேரம் போதும். பத்துப்பாட்டைப் பொது நூலகங்களில் தேடிப் பார்க்கலாம். செங்கம் வழியாக மலையேறப் போகும் குடும்பங்கள் கிளம்புவதற்கு முந்தின இரவில் அந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.